ஒரு பாட்டில், மூன்று பொறியியல்: புதிதாக நுழைபவர்களுக்கு

வேதிப் பொறியியல் படிக்கலாமா, உயிரியல் பொறியியலா, இல்லை சுற்றுச்சூழலா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி, "வீட்டில் சின்ன தராசு ஏதாவது இருக்கிறதா?" என்பதுதான். இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு பாட்டில் சர்க்கரைத் தண்ணீர், கொஞ்சம் ஈஸ்ட், நாலு நாள் பொறுமை, இவ்வளவு போதும், மூன்று துறைகளும் எங்கே ஒட்டிக்கொள்கின்றன, எங்கே முறைத்துக்கொள்கின்றன என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அதற்கு முன்னால் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வேதிப் பொறியியல் என்றால் அநேகமாக எல்லா இடத்திலும் ஒரே வேலைதான்: ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றுவது, மாற்றியதைப் பிரித்தெடுப்பது, இரண்டையும் டன் கணக்கில், நிற்காமல், யாருக்கும் அடிபடாமல் செய்வது. சுற்றுச்சூழல் பொறியியல் சில இடங்களில் சிவில் துறையிலிருந்து கிளைத்தது, சில இடங்களில் வேதித் துறையிலிருந்து, அதனால் பாடத்திட்டம் கொஞ்சம் மாறும். பெரிய தலைவலி உயிரியல் பொறியியல்தான். ஒரு கல்லூரியில் அது நொதித்தல் தொட்டி, இன்னொன்றில் செயற்கை மூட்டு, வேறொன்றில் மரபணு வெட்டி ஒட்டும் வேலை. ஆகவே பட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், மூன்றாம் வருடத்தில் என்ன பாடங்கள் என்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் உயிரியல் என்று நான் சொல்வது, உயிருள்ள செல்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும் பொறியியலைத்தான்.

மூன்றும் தனித்தனியாகப் பிறந்து பிற்பாடு கைகோத்தன என்று பலர் நினைக்கிறார்கள். வேதிப் பொறியியல் என்ற பாடத்தை 1887-ல் மான்செஸ்டரில் சொற்பொழிவுகளாக நடத்தத் தொடங்கிய ஜார்ஜ் டேவிஸ் அதற்கு முன் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? ஆல்கலிச் சட்டத்தின் ஆய்வாளர். சலவைச் சோடா ஆலைகள் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை ஊர்மேல் விட்டுக்கொண்டிருந்ததால், அதில் 95 சதவீதத்தையாவது பிடித்தே ஆகவேண்டும் என்று 1863-ல் பிரிட்டனில் வந்த சட்டம் அது. ஆலை ஆலையாக ஏறி இறங்கி மாசைப் பார்த்தவருக்குத்தான், ரசாயனம் எதுவானாலும் செய்யும் வேலைகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன என்பது கண்ணில் பட்டது. அப்படிப் பார்த்தால் இந்தத் துறையின் ஒரு கால் ஆரம்பத்திலிருந்தே சுற்றுச்சூழலில்தான் இருந்திருக்கிறது.

முதல் படி: ஒரு கோடு போடுங்கள்

எந்தச் சிக்கலைப் பார்த்தாலும் முதலில் அதைச் சுற்றி ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் என்ன வந்தது, என்ன போனது, உள்ளேயே என்ன உண்டானது அல்லது அழிந்தது, மிச்சம் என்ன தங்கியது. வரவு கழித்தல் செலவு, கூட்டல் உள்ளே உண்டானது, அதுதான் இருப்பில் வந்த மாற்றம். வீட்டுக் கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு இது தெரிந்த சங்கதி.

வேதிக்காரர் கோட்டை ஒரு ரியாக்டரை, அதாவது வினை நடக்கும் கலனைச் சுற்றிப் போடுவார். உயிரியல்காரர் அதே கோட்டை ஒரே ஒரு செல்லைச் சுற்றிப் போட்டு, உள்ளே போன கார்பனில் எவ்வளவு நமக்கு வேண்டிய பொருளானது, எவ்வளவை செல் தன் உடம்பு வளர்த்துக்கொள்ளத் தின்றது என்று பார்ப்பார். சுற்றுச்சூழல்காரர் ஒரு ஏரியையோ ஒரு நகரத்தின் மேலிருக்கும் காற்றையோ கோட்டுக்குள் அடைப்பார். கோட்டின் அளவு மைக்ரானிலிருந்து கிலோமீட்டர் வரை நீளும், கணக்கு மட்டும் மாறாது. ஆரம்பத்தில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை கடினமான சமன்பாட்டில் நடப்பதில்லை. கோட்டை எங்கே போட்டோம் என்பதை நடுவில் மறந்துவிடுவதில்தான் நடக்கின்றன.

இரண்டாவது படி: பாட்டில்

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், அதில் 500 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 50 கிராம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட். மூடியை இறுக்கவே கூடாது, சும்மா வைத்தால் போதும். நான் முதன்முறை செய்தபோது பழக்க தோஷத்தில் இறுக்கி மூடிவிட்டுத் தூங்கப் போனேன், காலையில் பாட்டிலின் அடிப்பாகம் உருண்டையாகி நிற்கவே மாட்டேன் என்று சாய்ந்து கிடந்தது, திறந்தபோது சுவரெல்லாம் நுரை. அந்த 50 கிராம் சர்க்கரை முழுதாக நொதித்தால் சுமார் 14 லிட்டர் கரியமில வாயு வரும் என்று முன்னாலேயே கணக்குப் போட்டிருந்தால் மூடியைத் தொட்டிருக்க மாட்டேன்.

தினமும் காலை, மாலை எடை பார்த்து எழுதுங்கள். ஒரு கிராம் துல்லியம் போதும். வாயு வெளியே போகப் போக எடை குறையும். கணக்கு இப்படி: 342 கிராம் சர்க்கரை, ஒரு மோல், அதாவது 18 கிராம் தண்ணீரோடு சேர்ந்து, 184 கிராம் ஆல்கஹாலாகவும் 176 கிராம் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. அப்படியானால் 50 கிராமுக்கு அதிகபட்சம் 26 கிராம் வாயு, கிட்டத்தட்ட 27 கிராம் ஆல்கஹால். உங்கள் தராசில் 26 வராது. ஈஸ்ட் கொஞ்சத்தைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும், கொஞ்சம் வாயு தண்ணீரிலேயே கரைந்து நிற்கும், எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் நீர் ஆவியாகிப் போகும். வந்த எண்ணுக்கும் வரவேண்டிய எண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கு ஒவ்வொரு காரணமாகப் பெயர் வைக்கிறீர்கள் பாருங்கள், வேதிப் பொறியியல் அங்கே தொடங்கிவிட்டது.

எடையை வரைபடமாகப் போட்டால் முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு தட்டை, அப்புறம் ஒரு சரிவு, பிறகு மறுபடி தட்டை. கடைசித் தட்டைதான் சுவாரசியம். ஏன் நின்றது? சர்க்கரை தீர்ந்ததா, அமிலம் கூடிவிட்டதா, ஆல்கஹால் ஈஸ்ட்டையே அமுக்கிவிட்டதா, இல்லை வெறும் சர்க்கரையைத் தின்று வளரமுடியாமல் நைட்ரஜன் பற்றாக்குறையில் படுத்துவிட்டதா? பெரும்பாலும் கடைசிக் காரணம்தான் முதலில் கழுத்தைப் பிடிக்கும். இன்னொரு பாட்டில் வைத்து, அதில் கொதிக்கவைத்துக் கொன்ற ஈஸ்ட் ஒரு தேக்கரண்டியை ஆறவிட்டுச் சேர்த்துப் பாருங்கள். செத்த ஈஸ்ட் உயிருள்ள ஈஸ்ட்டுக்கு நல்ல தீனி. எடை இன்னும் வேகமாகக் குறைந்தால் சந்தேகம் உறுதி. இதுதான் உயிரியல் பொறியியலின் அன்றாடம்: வினையூக்கி உயிரோடிருக்கிறது, அதற்குப் பசிக்கும், அதற்கும் ஒரு மூடு உண்டு.

இப்போது எல்லாம் முடிந்தது, பாட்டிலைச் சாக்கடையில் கொட்டப்போகிறீர்கள். இங்கேதான் மூன்றாவது துறை உள்ளே வருகிறது. கழிவுநீரின் கெடுதலை அளக்க சுற்றுச்சூழல்காரர்கள் கேட்கும் கேள்வி, இதை முழுதாக எரித்து முடிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பது. ரசாயனத்தால் எரித்து அளந்தால் சிஓடி, நுண்ணுயிரை விட்டு 20 டிகிரியில் ஐந்து நாள் தின்ன வைத்து அளந்தால் பிஓடி. சரி, ஆரம்பத்திலிருந்த 50 கிராம் சர்க்கரைக்குத் தேவையான ஆக்சிஜன் சுமார் 56 கிராம். நொதித்து முடிந்தபின் மிஞ்சிய 27 கிராம் ஆல்கஹாலுக்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே 56 கிராம்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகு நாளானது. சர்க்கரையின் எடையில் பாதி வாயுவாகப் போய்விட்டது, ஆனாலும் ஆற்றின் தலையில் விழும் சுமை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. காரணம் வெளியே போனது கரியமில வாயு, அது ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள், அதற்கு இனி ஆக்சிஜன் வேண்டாம். எரியவேண்டிய எலக்ட்ரான்கள் எல்லாம் ஆல்கஹாலில் பத்திரமாக உட்கார்ந்திருக்கின்றன. 20 டிகிரியில் நல்ல தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். அப்படியென்றால் இந்த ஒரு பாட்டில், ஏறக்குறைய 6,200 லிட்டர் நீரில் இருக்கும் மொத்த ஆக்சிஜனையும் குடித்துத் தீர்க்கும் அளவுக்குச் சரக்கு வைத்திருக்கிறது. மீனுக்கு அந்தத் தண்ணீர் உதவாது. வேதிக்காரரின் கணக்கும், உயிரியல்காரரின் ஈஸ்ட்டும், சுற்றுச்சூழல்காரரின் ஆறும் இந்த ஒரே எண்ணில் வந்து மோதுகின்றன.

மூன்றாவது படி: வேகம்

எவ்வளவு என்று தெரிந்தபிறகு எவ்வளவு சீக்கிரம் என்ற கேள்வி. என்சைமின் வேகத்துக்கு மிக்கேலிஸும் மெண்டனும் 1913-ல் ஒரு சமன்பாடு கொடுத்தார்கள், பாக்டீரியா வளரும் வேகத்துக்கு ஜாக் மோனோ 1940-களில் ஒன்று கொடுத்தார், இரண்டின் உருவமும் ஒன்றேதான்: தீனி குறைவாக இருக்கும்போது தீனிக்கேற்ற வேகம், தீனி கொட்டிக்கிடந்தால் ஒரு உச்சத்தில் நின்றுவிடும். திட வினையூக்கியின் பரப்பில் நடக்கும் வினைக்கும் இதே மாதிரி வளைவு வரும். இடம் நிரம்பிவிட்டால் வரிசையில்தான் நிற்கவேண்டும், அவ்வளவுதான் தத்துவம். ஒருமுறை நன்றாகப் படித்துவிட்டால் மூன்று இடத்தில் உதவும்.

அடுத்து தொட்டியா குழாயா. முழுக்கக் கலக்கப்படும் தொட்டி ஒன்று, கலக்காமல் வரிசையாக நகரும் குழாய் ஒன்று, இரண்டுக்கும் கொள்ளளவும் ஓட்டமும் சமம். மாறவேண்டிய பொருளின் செறிவுக்கு நேர்விகிதத்தில் வேகம் போகும் எளிய வினையில் வேக மாறிலியையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் 3 வருகிறது என்று வையுங்கள். தொட்டியில் 75 சதவீதம் மாறும், குழாயில் 95 சதவீதம். அதே தொட்டியை இரண்டாகத் தடுத்து வரிசையில் வைத்தால் 84. இதைப் பார்த்ததும் புதியவர்கள், அப்படியானால் எல்லா இடத்திலும் குழாயே போடலாமே என்பார்கள். உயிர் இருக்கும் இடத்தில் அது எப்போதும் நடக்காது. ஆலையிலிருந்து திடீரென்று ஒரு நச்சு அலை வந்தால், குழாயின் வாசலில் இருக்கும் பாக்டீரியா அதை முழு வீரியத்தோடு வாங்கிச் செத்துப்போகும், கலக்கும் தொட்டியிலோ அது உடனே நீர்த்துவிடும். ஆக்சிஜன் தேவையும் குழாயின் முகப்பில் குவிந்துகொள்ளும். பாடப்புத்தகத்தில் மட்டமான ரியாக்டர் என்று பெயர் வாங்கிய தொட்டிதான் பல சுத்திகரிப்பு நிலையங்களில் பிழைக்கவைக்கிறது.

ஒரு ஆபத்து மட்டும் உண்டு. தொட்டியில் தண்ணீர் தங்கும் நேரம் கிருமி பெருகும் நேரத்தைவிடக் குறைந்தால், கிருமி பெருகுவதற்குள் வெளியே அடித்துக்கொண்டு போய்விடும். சத்தான தீனியில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஈ.கோலைக்கு இது பிரச்சினையில்லை, அம்மோனியாவைத் தின்னும் மந்தமான பாக்டீரியாவுக்கு உயிர்ப் பிரச்சினை. 1914-ல் ஆர்டன், லாக்கெட் இருவரும் இதற்கு வழி காட்டினார்கள். அவர்கள் வேலை பார்த்ததும் மான்செஸ்டரில்தான். காற்று ஊதி முடித்ததும் அடியில் படியும் ஸ்லட்ஜை, அதாவது கிருமிகள் நிறைந்த சேற்றைக் கொட்டிவிடாமல் அடுத்த கழிவுநீருக்கும் வைத்துக்கொண்டார்கள். தண்ணீர் சீக்கிரம் போகட்டும், கிருமி மட்டும் தங்கட்டும். இன்றைக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பின் முதுகெலும்பு இதுதான்.

நான்காவது படி: காற்றுக்குமிழி

இந்தப் படியில் கொஞ்சம் கூடுதலாக உட்காருங்கள், ஏனென்றால் மூன்று துறைக்காரர்களும் ஒரே மேசையில் உட்காரும் இடம் இது. செறிவாக வளரும் ஒரு நொதித்தல் தொட்டியில், கரைந்திருக்கும் ஆக்சிஜனை பாக்டீரியா சில நொடிகளில் காலி செய்துவிடும். தீர்ந்ததும் மூச்சு முட்டும். ஆகவே ஆக்சிஜன் குமிழியிலிருந்து தண்ணீருக்குள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதுதான் மொத்த உற்பத்தியையும் கட்டிப்போடும். அந்த வேகத்தை நிர்ணயிக்கும் எண்ணுக்கு கேஎல்ஏ (kLa) என்று பெயர். குமிழி சின்னதாக இருந்தால் பரப்பு கூடும், கலக்கினால் குமிழி உடையும், நுரைதடுப்பான் ஊற்றினால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி எல்லாம் பாழாகும்.

பென்சிலினை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதைக் குடுவைகளில் மேலே படலமாகத்தான் வளர்த்தார்கள், காற்று அங்கேதானே இருக்கிறது. ஆயிரக்கணக்கான குடுவை கழுவி யாருக்குக் கட்டும்? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதை ஆழ்ந்த தொட்டிக்குள் இறக்கி, கிருமியில்லாத காற்றை அடியிலிருந்து ஊதிக் கலக்கினார்கள். வணிக அளவிலான முதல் பென்சிலின் ஆலையை வடிவமைத்த மார்கரெட் ஹட்சின்சன் ரூசோ ஒரு வேதிப் பொறியாளர். அமெரிக்காவின் எம்ஐடியில் 1937-ல் வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், அந்த நாட்டில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். கழிவுநீர்த் தொட்டியில் காற்று ஊதுகிறவரும் அதே கேஎல்ஏயைத்தான் கணக்கிடுகிறார், அங்கே மின்கட்டணத்தில் பெரும்பங்கு ஊதுகுழலுக்கே போகிறது. ஆறுகளுக்கு இதே கணக்கை 1925-ல் ஒஹாயோ ஆற்றை வைத்து ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் எழுதினார்கள்: ஒரு பக்கம் கழிவு ஆக்சிஜனைத் தின்கிறது, இன்னொரு பக்கம் காற்றிலிருந்து ஆக்சிஜன் இறங்குகிறது, நடுவில் எங்கோ ஒரு பள்ளம் விழுகிறது. வெயில் ஏறினால் பள்ளம் இன்னும் ஆழமாகும். 30 டிகிரியில் கரையும் ஆக்சிஜன் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான், பாக்டீரியாவின் பசியோ கூடியிருக்கும்.

ஐந்தாவது படி: பெரிதாக்குவது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொட்டியை எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிதாக்கினால் கொள்ளளவு 1,000 மடங்கு, வெளிப்பரப்பு 100 மடங்குதான். சூடு கொள்ளளவில் உண்டாகிறது, வெளியேறுவது பரப்பின் வழியாக. காற்றைச் சுவாசித்து வளரும் கிருமிகள் ஒரு மோல் ஆக்சிஜனைத் தின்றால் சுமார் 460 கிலோஜூல் சூடு வரும், எந்தக் கிருமியாக இருந்தாலும் ஏறக்குறைய இதே எண்தான். மேசைமேல் சமத்தாக இருந்த தொட்டி ஆலையில் தன்னையே வேகவைத்துக்கொள்வது இதனால்தான்.

எங்கே பிரிகிறார்கள்

கணக்கு ஒன்றானாலும் குணம் வேறு. வேதிக்காரருக்கு என்ன சரக்கு வருகிறது, எவ்வளவு தூய்மை என்று தெரியும், வேண்டாததைத் திருப்பி அனுப்பலாம். உயிரியல்காரர் ஒரே ஒரு இனத்தைத் தொட்டியில் வளர்க்கிறார், வேறு ஒரு கிருமி உள்ளே நுழைந்தாலும் மொத்தமும் குப்பை, அதனால் அவருடைய பாதி வாழ்க்கை நீராவியில் குழாய்களைக் கழுவுவதில் போகிறது. அவர் தயாரிப்பது புரதமாக இருந்தால் காய்ச்சி வடிக்கவும் முடியாது, வெந்துவிடும். ஆகவே பிரித்தெடுப்பதற்கே செலவு கொள்ளையாகும், அங்கே வேதிக்காரருக்கு நல்ல மரியாதை.

சுற்றுச்சூழல்காரர் வருவதை வாங்கிக்கொள்ளவேண்டியவர். மழை பெய்தால் ஓட்டம் பல மடங்காகும், இரவில் பாதியாகும், யார் எதைக் கொட்டினார்கள் என்று கேட்கமுடியாது. அவரிடம் இருப்பது ஆயிரம் இனம் கலந்த கூட்டம். கிருமிநீக்கம் என்ற பேச்சே இல்லை, எந்த இனம் ஜெயிக்கவேண்டுமோ அதற்குச் சாதகமாகச் சூழ்நிலையைத் திருகிவைப்பதுதான் வேலை. எனக்குத் தனிப்பட்ட முறையில் இந்தக் கூட்டத்தைப் பிடிக்கும். தூய இனத்தோடு வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

மூவரில் ஒருவர் மட்டும் அறையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் மினமாட்டா. ஜப்பானில் சிசோ நிறுவனம் பாதரசத்தை வினையூக்கியாக வைத்து அசிட்டால்டிஹைடு தயாரித்தது, அந்த வினையிலேயே பக்கப்பொருளாக மெத்தில் பாதரசம் கொஞ்சம் உண்டானது, கழிவு விரிகுடாவில் போனது. கொஞ்சம்தான், கடல் பெரிது, நீர்த்துவிடும் என்றுதான் தோன்றும். உயிர்கள் அதைத் திரும்பச் சேர்த்தன: நுண்ணுயிரிலிருந்து சிறு மீன், அதிலிருந்து பெரு மீன், அதிலிருந்து மனிதர். இந்தப் பாதரச நச்சால் வந்த நோய் 1956-ல் அதிகாரபூர்வமாகப் பதிவானது, காரணம் இதுதான் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆனது. ஆலையைச் சுற்றிப் போட்ட கோட்டில் அந்தக் 'கொஞ்சம்' ஒரு வரிக்குக்கூடப் பெறாது, கோட்டைக் கடல்வரை இழுத்து மீனையும் உள்ளே வைத்தால் அதுதான் முதல் வரி.

என்ன வரிசையில் படிப்பது

பொருள் சமன், அதாவது முதல் படியில் பார்த்த வரவு செலவுக் கணக்கு முதலில், ஆற்றல் சமன் அடுத்து. இவற்றைக் கையால் ஐம்பது கணக்காவது போடாமல் மென்பொருள் பக்கம் போகாதீர்கள், மென்பொருள் தப்பான கோட்டுக்கும் அழகான விடை கொடுக்கும். பிறகு வினைவேகம், பிறகு பாய்மமும் (திரவமும் வாயுவும் ஓடும் விதம்) பொருள் கடத்தலும் (குமிழியிலிருந்து ஆக்சிஜன் இறங்கிய மாதிரி). நடுவில் ஒரு பருவம் நுண்ணுயிரியல் கண்டிப்பாக, வேதி படித்தாலும் சரி, ஏனென்றால் மூன்று துறையில் எது எடுத்தாலும் ஒருநாள் பாக்டீரியா கதவைத் தட்டும். வகைக்கெழுச் சமன்பாடுகளை விரிதாளிலேயே சின்னச் சின்ன நேர அடிகளாகப் போட்டுப் பழகுங்கள், அதுவே முக்கால்வாசிக்குப் போதும். அலகுகளில் மட்டும் கண்ணாக இருங்கள். லிட்டருக்கு மில்லிகிராம் என்பதையும் கன மீட்டருக்குக் கிராம் என்பதையும் வேறு வேறு என்று நினைத்து ஆயிரத்தால் பெருக்கியவர்களில் நானும் ஒருவன். இரண்டும் ஒன்றுதான்.

எதை எடுப்பது என்று இன்னும் தடுமாற்றமா? பாட்டில் வைத்த நாலு நாளில் உங்கள் மனம் எங்கே போனது என்று யோசியுங்கள். 26-க்கும் உங்கள் தராசின் எண்ணுக்கும் நடுவில் போன கிராம்களைத் தேடினீர்களா, ஈஸ்ட்டுக்கு என்ன குறை என்று கவலைப்பட்டீர்களா, கொட்டும்போது கை தயங்கியதா?

கடைசியாக ஒரு கணக்கு, இதை நீங்களே போடுங்கள். அந்தப் பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றாமல், காற்றுப் புகாத ஒரு சாண எரிவாயுக் கலனில் ஊற்றினால் என்ன கிடைக்கும்? காற்றில்லாத இடத்தில் ஒரு கிராம் சிஓடி அழிந்தால் 0.35 லிட்டர் மீத்தேன் வரும், பூச்சியம் டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தத்தில். உங்கள் விடை 20 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் சரி. 20,000 என்று வந்தால் அலகைப் பாருங்கள்.